இறாலுக்கு ஏது தடுப்பூசி?

கடைக்காரர் பாட்டிலை மேஜை மீது வைக்கிறார். ஒரு லிட்டர். வெள்ளை பிளாஸ்டிக், நீல மூடி, லேபிளில் மீசையை நீட்டிப் பாயும் இறாலின் படம். எதிரே நிற்பவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். நெல்லூர் மாவட்டக் கடலோரத்தில், உப்பங்கழி ஒன்றை ஒட்டி ஐந்து குளங்கள் வைத்திருக்கும் விவசாயி. நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு லேபிளை நிதானமாகப் படிக்கிறார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த குளூக்கன், வைட்டமின் சி, சில மூலிகைச் சாறுகள். தீவனத்தில் கலந்து கொடுக்க வேண்டும்.

“இது வாக்சினா?” என்று கேட்கிறார்.

“வாக்சின் லாண்டிதே, அன்னா” என்கிறார் கடைக்காரர்.

தெலுங்கில் ‘லாண்டிதி’ என்றால் தமிழில் ‘மாதிரி’. தடுப்பூசி மாதிரியானதுதான் என்கிறார். பொய் சொன்னதாக அவர் மீது யாரும் வழக்குப் போட முடியாது. லேபிளில் அந்த வார்த்தையே இல்லை. ஆனால் ஆந்திரக் கடலோரத்தில் தீவனக் கடைகளின் அலமாரிகளை நிரப்பியிருப்பவற்றில் பெரும்பகுதி இந்த ‘மாதிரி’தான். விவசாயி இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணி வைக்கிறார். கடனாகக் கேட்கவில்லை என்பதே அவருக்கு இந்த வருஷம் கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அவரிடம் விவரம் இல்லாமல் இல்லை. அந்த பாட்டில் தடுப்பூசி அல்ல என்று அவருக்குத் தெரியும். பிறகு ஏன் வாங்குகிறார் என்று கேட்டால், பதில் 1995ல் ஒரு ராத்திரியில் தொடங்குகிறது. தன் பெயரைப் போடக்கூடாது என்பது அவர் விதிக்கும் ஒரே நிபந்தனை. அதற்கான காரணமும் அந்த ராத்திரிதான்.

‘இறாலைப் போட்டு சுறாவைப் பிடிப்பது’ என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. அற்பமானதைக் கொடுத்துப் பெரியதை வாங்குவது. அந்த வழக்கை உருவாக்கியவர்கள் 1990களின் ஆரம்பத்தில் நெல்லூர்ப் பக்கம் வந்திருந்தால் அதைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். ஜப்பானும் அமெரிக்காவும் டைகர் இறாலுக்கு டாலராகக் கொடுத்தன. நெல் விளைந்த நிலமும், உப்பு பூத்து ஒன்றும் விளையாத நிலமும் ஒரே வேகத்தில் குளங்களாயின. கம்பெனிகள் நூற்றுக்கணக்கான ஏக்கரில் இறங்கின. அவர்களைப் பார்த்து இரண்டு ஏக்கர்காரர்களும் இறங்கினார்கள். நம் விவசாயியின் தந்தையும் அவர்களில் ஒருவர். இரண்டு குளம், வங்கிக் கடன், வீட்டிலிருந்த நகை. முதல் அறுவடையில் கடனில் பாதி அடைந்தது. இரண்டாவது அறுவடையில் வீட்டுக்கு மாடி எழும்பியது.

1994ல் வெள்ளைப் புள்ளி வந்தது.

தைவானிலும் சீனாவிலும் 1992 வாக்கிலும், ஜப்பானில் 1993லும் தலைகாட்டிய வைரஸ் அது. இந்தியாவின் கிழக்குக் கரைக்கு அது வந்து சேர்ந்தபோது அதற்குப் பெயர்கூட ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கவில்லை. இன்று அதைப் பற்றி நிறையவே தெரியும். மிருகங்களைத் தாக்கும் வைரஸ்களில் மிகப் பெரிய மரபணுத் தொகுப்பு கொண்டவற்றுள் ஒன்று. 2001ல் அது முழுக்கப் படிக்கப்பட்டுவிட்டது. மனிதனுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. நோய் கண்ட இறாலைச் சாப்பிட்டவர் மறுநாள் அலுவலகம் போகலாம். ஆனால் ஒரு குளத்துக்குள் அது நுழைந்தால் மூன்றிலிருந்து பத்து நாளுக்குள் மொத்தக் குளமும் காலி. நண்டு அதைச் சுமக்கிறது. செத்த இறாலைக் கொத்திய காகம் அடுத்த குளத்தின் மேல் பறக்கும்போது கீழே போடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் அதைக் கொண்டுபோகிறது.

1995 ஆரம்பத்தில் நம் விவசாயிக்கு 22 வயது. ஒரு காலை கரையில் வழக்கத்துக்கு மேல் காகங்கள். தரைமட்டத்தில் மேய வேண்டிய இறால்கள் குளத்தின் ஓரத்துக்கு வந்து, கையால் அள்ளலாம்போல் சோர்ந்து நின்றன. தந்தை ஒன்றை எடுத்துத் தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுண்ணாம்புத் துளி தெறித்தாற்போல் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். எழுபது நாள் இறால். இன்னும் ஐம்பது நாள் இருந்தால் விலை போகும் இறால். வியாபாரி வந்து, தன் வாழ்நாளில் கேட்டிராத ஒரு மட்டமான விலையைக் கேட்டார். கிடைத்ததை வலைபோட்டு எடுத்துக் கொடுத்தார்கள்.

மிச்சம் இருந்தது தண்ணீரும், அடியில் செத்துக் கிடந்தவையும். அன்று ராத்திரி அப்பாவும் பிள்ளையும் லாந்தர்கூட எடுத்துக்கொள்ளாமல் போய் மதகைத் திறந்துவிட்டார்கள். நாற்றம் ஊரைக் கூட்டிவிடக் கூடாது. வங்கிக்குச் செய்தி போய்விடக் கூடாது. அந்த நேரத்தில் தோன்றியது அவ்வளவுதான். குளம் உப்பங்கழியில் வடிந்தது. கழியின் அடுத்த வளைவில் இருந்தது அவருடைய தாய்மாமனின் குளம். மாமா அடுத்த ஓதத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினார். பத்து நாள் ஆகவில்லை, அங்கேயும் காகங்கள்.

மாமா கடனுக்காக நிலத்தை விற்றார். கடைசிவரை, காற்றில் வந்த நோய் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தந்தையும் பிள்ளையும் மறுத்துப் பேசவில்லை. இருவரில் ஒருவர் இன்று இல்லை. மாமாவும் இல்லை.

இந்த ஊர் மட்டுமல்ல, கிழக்குக் கரை நெடுகிலும் அந்த ஆண்டுகளில் எத்தனை மதகுகள் இரவில் திறந்தன என்பதற்குக் கணக்கு கிடையாது. 1996 டிசம்பர் 11ந் தேதி, தமிழக சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடர்ந்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் பாரம்பரிய முறை அல்லாத இறால் பண்ணைகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைநிலமும் குடிநீரும் உப்பாவது பற்றிய வழக்கு அது, நோயைப் பற்றியதல்ல. ஆனால் தீர்ப்பு வந்தபோது, பல பண்ணைகளை இழுத்து மூட நீதிபதிகள் தேவைப்படவில்லை. வைரஸ் அவற்றை ஏற்கனவே மூடிவிட்டிருந்தது.

அப்போதிருந்தே ஒரு கேள்வி கரைகளில் உலவுகிறது. கோழிக்கு ஊசி இருக்கிறது, மாட்டுக்கு இருக்கிறது, மனிதக் குழந்தைக்குப் பிறந்த அன்றே போடுகிறார்கள். இறாலுக்கு ஏன் இல்லை?

நம் வார்த்தையிலேயே ஊசி இருக்கிறது. ஒரு காலத்தில் ‘அம்மை குத்துவது’ என்றார்கள், பிறகு தடுப்பூசி. தெலுங்கில் இந்திக்காரர்களைப் போல ‘டீக்கா’ என்பதால் அங்கே ஊசி கண்ணுக்குத் தெரிவதில்லை. எதைக் கலந்து கொடுத்தாலும் டீக்கா என்று சொல்லிக்கொள்ளலாம். மீனுக்கு நிஜமாகவே ஊசி போடுகிறார்கள். நார்வேயில் வளர்ப்பு சால்மன் குஞ்சு ஒவ்வொன்றையும் மயக்கி, வயிற்றில் குத்திய பிறகே கடலில் விடுகிறார்கள். 1987ல் அந்த நாட்டின் மீன் பண்ணைகள் சுமார் 50 டன் ஆன்டிபயாட்டிக் கொட்டிக்கொண்டிருந்தன. அடுத்த பத்து ஆண்டில் அது ஒரு டன் அளவுக்கு இறங்கிவிட்டது, மீன் உற்பத்தி பல மடங்கு ஏறியபோதும். தடுப்பூசிதான் முக்கியக் காரணம்.

இறாலுக்கு அது நடக்காது. முதல் தடை எண்ணிக்கை. இன்று இந்தியாவில் அதிகம் வளர்க்கப்படும் வென்னமி இனத்தைச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சு வரை விட அரசு அனுமதிக்கிறது; ஏக்கருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். விடும்போது குஞ்சு ஒவ்வொன்றும் ஒரு கண் இமை மயிர் பருமன். ஊசியால் குத்த நினைத்தால் இறாலைவிட ஊசி பெரியது.

ஆனால் எண்ணிக்கை அல்ல உண்மையான தடை. இறாலின் உடம்பு வேறு மாதிரி வேலை செய்கிறது.

தடுப்பூசி ஒரு சாதாரண உண்மையை நம்பி இருக்கிறது. நம் உடம்புக்கு ஞாபகம் உண்டு. ஒரு முறை ஒரு கிருமியின் முகத்தைக் காட்டிவிட்டால், அதற்கென்றே செய்த எதிர்ப்பொருளையும், அதைத் தயாரிக்கத் தெரிந்த செல்களையும் உடம்பு ஆண்டுக் கணக்கில் வைத்திருக்கிறது. கோழிக்கும் மீனுக்கும் இது உண்டு. முதுகெலும்பு இல்லாத இறாலுக்குக் கிடையாது. அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் என்ற வஸ்துவே இல்லை. அந்த ரத்தம் சிவப்பாகவும் இருப்பதில்லை. இரும்புக்குப் பதில் தாமிரம் பிராணவாயுவைச் சுமப்பதால் லேசான நீலம். அதில் மிதக்கும் செல்கள் அந்நியமானது எதுவாக இருந்தாலும் விழுங்கப் பார்க்கும், சூழ்ந்துகொள்ளும், காயத்தைக் கறுக்கவைத்து அடைக்கும். வேகமான, முரட்டுத்தனமான காவல். கோட்டையில் காவல்காரன் இருக்கிறான், வந்து போனவர்களின் பதிவேடுதான் இல்லை. நேற்று வந்த திருடன் இன்று வந்தாலும் அவனுக்குப் புது ஆள்.

பாடப் புத்தகம் இதோடு முடிந்துவிடுகிறது. சோதனைச்சாலைகள் முடித்துக்கொள்ளவில்லை. ஜப்பானில் 1989லேயே, கொன்ற விப்ரியோ பாக்டீரியாவைக் கொடுத்து குருமா இறாலை அதே நோயிலிருந்து காப்பாற்ற முடிந்ததாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2000ல் இன்னொரு செய்தி அங்கிருந்தே வந்தது. வெள்ளைப் புள்ளியில் செத்துப்போகாமல் தப்பிய குருமா இறால்களை மறுபடி அதே வைரஸிடம் விட்டபோது, அவை முதல் முறை தாக்கப்பட்டவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. பதிவேடே இல்லாத கோட்டையில் யாரோ எதையோ குறித்து வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு பெரிய ஆர்வம் கிளம்பியது. ஹாலந்தின் வாஹனிங்கன் பல்கலைக்கழகத்தில் வைரஸின் மேலுறையில் உள்ள ‘விபி28’ என்ற புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் தயாரித்து, அந்த பாக்டீரியாவைச் செயலிழக்கச் செய்து தீவனத்தில் பூசி டைகர் இறாலுக்கு ஏழு நாள் கொடுத்தார்கள். ஊசியே இல்லாத ஊசி. 2004ல் வெளியான முடிவைக் கண்டு இறால் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மருந்து கொடுத்து முடித்த ஏழாம் நாள் வைரஸைக் காட்டியபோது, மருந்தில்லாத இறால்களோடு ஒப்பிட்ட பிழைப்பு விகிதம் 77 சதவிகிதம்.

அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருந்தது. இருபத்தோராம் நாளில் அது 29 சதவிகிதம்.

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சென்னையிலோ பெரிய ஐ.ஐ.டி.யிலோ அல்ல; தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவே, கடல் வாடையே எட்டாத மேல்விஷாரத்தில், அப்துல் ஹக்கீம் கல்லூரியில். அங்கே சாகுல் ஹமீதின் குழு, வைரஸ் புரதத்துக்கான மரபணுவைக் கைட்டோசானின் நுண்துகள்களில் பொதிந்து தீவனம் வழியாகக் கொடுத்துப் பார்த்தது. கைட்டோசான் என்பது வேறொன்றுமில்லை, இறால் ஓட்டிலிருந்தே எடுக்கப்படும் பொருள். இறாலின் ஓட்டிலேயே இறாலுக்கு மருந்து பொட்டலம் கட்டுவது. வைரஸ் மரபணுவின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை ஊட்டி, வைரஸ் பெருகவிடாமல் தடுக்கும் முயற்சியும் அங்கு நடந்தது. சோதனைத் தொட்டிகளில் இரண்டும் பலன் தந்தன. 2008லும் 2009லும் முடிவுகள் வெளிவந்தன.

பாங்காக்கின் மகிடோல் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்த டிமதி ஃப்ளெகல் இன்னும் விநோதமான ஒரு கருத்தை முன்வைத்தார். இறால் வைரஸோடு சண்டை போடுவதைவிட அதோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொள்கிறது. வைரஸின் துண்டுகளைத் தன் மரபணுத் தொகுப்புக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொண்டு, அதைக் கொண்டே அந்த வைரஸை அடக்கி வைக்கிறது. அடுத்த தலைமுறைக்கும் அதைக் கொடுக்கிறது என்பது அவர் வாதம். அப்படிப்பட்ட துண்டுகள் இறால்களுக்குள் உண்மையிலேயே கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. இதை நினைவு என்று சொல்வதா, பரம்பரைச் சொத்து என்று சொல்வதா என்று விஞ்ஞானிகள் இன்னமும் சர்ச்சை செய்கிறார்கள்.

இதெல்லாம் இருந்தும் குளத்துக்கு ஏன் வரவில்லை? வென்னமியின் ஒரு பருவம் சுமார் நூறு நாள். மூன்று வாரத்தில் கரைந்துவிடும் பாதுகாப்பைத் திரும்பத் திரும்ப ஊட்ட வேண்டும், லட்சக்கணக்கான வாய்களுக்கு. சோதனைத் தொட்டியில் எந்த இறால் எவ்வளவு தின்றது என்று பார்க்கலாம். குளத்தில் நோய் கண்ட இறால் முதலில் நிறுத்துவதே சாப்பாட்டைத்தான். இறாலின் குடல் புரதத்தை மருந்து என்று மரியாதை கொடுத்து விட்டுவைப்பதில்லை, தீவனத்தோடு சேர்த்து ஜீரணித்துவிடுகிறது. போதாக்குறைக்கு எதிரியும் மாறிக்கொண்டிருக்கிறான். வெள்ளைப் புள்ளி ஒரு வைரஸ். 2010 வாக்கில் சீனாவையும் வியட்நாமையும் உலுக்கிய இளம்பருவச் சாவு நோய்க்குக் காரணம் ஒரு விப்ரியோ பாக்டீரியா என்று 2013ல் கண்டுபிடித்தார்கள். இப்போது இந்தியக் குளங்களை அதிகம் படுத்தும் ‘இ.எச்.பி.’ இரண்டும் இல்லை. அது ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி. கொல்வதுகூட இல்லை, வளரவிடாமல் செய்கிறது. தீவனம் போகும், நாள் போகும், இறால் அப்படியே இருக்கும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான ‘சிபா’வின் விஞ்ஞானிகள் 2021ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்த ஒட்டுண்ணியால் ஆண்டுக்குச் சுமார் 57 கோடி டாலர் நஷ்டம், வெள்ளைப் புள்ளியால் சுமார் 24 கோடி டாலர்.

இந்த நஷ்டத்தோடுதான் 2023-24ல் இந்தியா 7 லட்சம் டன்னுக்கு மேல் உறைந்த இறாலை ஏற்றுமதி செய்து சுமார் 40,000 கோடி ரூபாய் சம்பாதித்தது. தடுப்பூசி இல்லாமல் இது எப்படி நடந்தது என்பது நியாயமான கேள்வி.

பதிலில் ஒரு பகுதி சென்னை நீலாங்கரையில் இருக்கிறது. 2009ல் வென்னமி இனத்தைப் பெருமளவில் வளர்க்க அரசு அனுமதித்தபோது கூடவே ஒரு நிபந்தனை வைத்தது. தாய் இறால்கள் குறிப்பிட்ட நோய்கள் இல்லாதவை என்று சான்று பெற்ற வெளிநாட்டு நிலையங்களிலிருந்து மட்டும் வர வேண்டும்; விமானத்திலிருந்து இறங்கியதும் நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்க வேண்டும்; பரிசோதனையில் தேறியவைதான் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகளுக்குப் போகும். கப்பலில் வந்தவனை ஊருக்குள் விடாமல் தீவில் வைத்திருந்த பழைய காலத்து முறையேதான். அதுவரை கடலிலிருந்து பிடித்த தாய் டைகர் இறாலிடமிருந்து குஞ்சு எடுத்தார்கள். தாய் வைரஸோடு வந்தால் குஞ்சும் வைரஸோடு வந்தது. அந்த வாசல் அடைபட்டது. தொழில் மறுபடி எழுந்தது.

இங்கேதான் ஒரு சொல் குழப்பத்தை உண்டாக்கிவிட்டது. ‘நோயற்ற’ இறால் என்பதை விவசாயிகள் ‘நோய் வராத’ இறால் என்று எடுத்துக்கொண்டார்கள். விற்றவர்களும் திருத்தவில்லை. சுத்தமாகப் பிறந்த குஞ்சைச் சுத்தமில்லாத தண்ணீரில் விட்டால் அதற்கு எந்தக் கவசமும் இல்லை. அதனால் குளத்தைச் சுற்றி நண்டு ஏறாமல் பிளாஸ்டிக் வேலி, மேலே பறவைக்கு வலை அல்லது கயிறு, கழித் தண்ணீரை முதலில் ஒரு சேமிப்புக் குளத்தில் நிறுத்தி ப்ளீச்சிங் பவுடர் போட்டு, பிறகு வளர்ப்புக் குளத்துக்கு விடுவது. நம் விவசாயியின் ஐந்து குளங்களில் ஒன்று இப்படி வெறும் தண்ணீருக்காக நிற்கிறது. அதில் இறால் விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று அவருடைய மனைவி ஒவ்வொரு பருவமும் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்.

இவ்வளவும் ஒருவர் தன் கரைக்குள் செய்துகொள்ளக் கூடியவை. மீதி இருப்பதுதான் கஷ்டம். மொத்தக் குளங்களுக்கும் ஒரே கழி. ஒருவர் வடிப்பதை இன்னொருவர் ஏற்றுகிறார். 2000க்குப் பிறகு கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் ஆந்திராவில் சிறு விவசாயிகளைக் கழி வாரியாகக் குழு சேர்க்க ஆரம்பித்தது. மேற்கு கோதாவரியின் மொகல்தூரில் இது முதலில் நன்றாக எடுபட்டது. எல்லோரும் ஒரே வாரத்தில் குஞ்சு விடுவது, சேர்ந்து போய்ப் பரிசோதித்த குஞ்சு வாங்குவது, நோய் கண்டால் மறைக்காமல் சொல்வது, சொல்லாமல் தண்ணீர் விடாதிருப்பது. 2007ல் இதற்கென்றே ‘நாக்ஸா’ என்ற தனி அமைப்பும் வந்தது. நாலாவது விதியைப் படித்தபோது நம் விவசாயி ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டதாகச் சொல்கிறார்.

பாட்டிலின் கவர்ச்சி இப்போது புரியும். தடுப்பூசி இருந்தால் ஒரு மனிதன் தன் குளத்துக்குத் தானே ராஜா. பக்கத்துக் குளத்துக்காரர் யோக்கியரா, ராத்திரியில் எழுந்து எங்கே போகிறார் என்று கவலைப்பட வேண்டாம். பக்கத்துக்காரருக்குத் தன்னைப் பற்றி அந்தக் கவலை வராது என்பதும் உண்டு. இருபத்தோராம் நாள், 29 சதவிகிதம் என்று ஆராய்ச்சிக் கட்டுரை சொல்வதை ஒரு பயிற்சி முகாமில் அவருக்கு விளக்கியிருக்கிறார்கள். “அந்த 29க்குள்ள என் குளம் இருந்தா போதும்” என்று சிரிக்கிறார். கைவிட்டுப்போன மருந்தையும் நம்புகிற ஆள் இல்லை. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டு, ஏற்றுமதி சரக்கு திரும்பி வந்து, கம்பெனிகள் வாங்க மறுத்த காலத்தையும் பார்த்தவர்தான்.

அந்த இரண்டு பாட்டிலையும் மூன்றாம் குளத்துக்கும் நாலாம் குளத்துக்கும் கொடுத்தார். நாலாம் குளம் நன்றாக வந்தது. மூன்றாவதில் ஐம்பத்தெட்டாம் நாள் செக் ட்ரேயைத் தூக்கியபோது போட்ட தீவனம் அப்படியே இருந்தது. தட்டின் ஓரத்தில் நாலு இறால், உடம்பு இளஞ்சிவப்பு, குடல் கோடு வெறுமை. ஒன்றின் தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். பரிசோதனைச்சாலைக்கு அனுப்பிய மாதிரி சாயங்காலத்துக்குள் திரும்பிச் சொல்லிவிட்டது. அவருக்கு அது தேவைப்படவில்லை.

வியாபாரி வந்து, கிலோவுக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்து விலை சொன்னார். முப்பது வருஷத்தில் வியாபாரிகள் மாறியிருக்கிறார்கள், அந்த விலையைச் சொல்லும் தொனி மாறவில்லை. வலை போட்டு முடிய இருட்டிவிட்டது. வேலையாட்களை அனுப்பிவிட்டு அவரும் மகனும் கரையில் நின்றார்கள். மகன் பி.டெக். படித்தவன், ஏரேட்டருக்கு டைமர் பொருத்தியவன்.

“நான்னா, ஓதம் இறங்குது” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் என்ன கேட்கிறான் என்பது அவருக்குப் புரிந்தது. தண்ணீரைப் பிடித்து வைத்தால் ப்ளீச்சிங் பவுடர் செலவு, குளம் காயப் பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போகும், அடுத்த பருவத்தின் குஞ்சு தேதி தவறும்.

அன்றைக்குத்தான் 1995 ராத்திரியை முதல் முறையாக மகனிடம் சொன்னார். மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு போனை எடுத்து, கழியிலுள்ள முப்பத்தொரு விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் அப்பா சொல்லச் சொல்லத் தட்டினான். மூன்றாம் குளத்தில் வெள்ளைப் புள்ளி. தண்ணீர் விடவில்லை, மருந்து போடுகிறோம். நண்டு வேலிக்கு வெளியே செத்தது ஏதும் கிடந்தால் புதையுங்கள். பத்து நாள் யாரும் கழியிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டாம்.

முதல் பதில் தாய்மாமன் மகனிடமிருந்து வந்தது. அந்த வளைவில், அப்பா விற்ற நிலத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு குளம் குத்தகைக்கு எடுத்திருப்பவன். “சரி பாவா. மோட்டார் நிறுத்திட்டேன். ப்ளீச்சிங் மூட்டை என்கிட்ட எட்டு இருக்கு, அனுப்பட்டுமா?” பாவா என்பது தமிழில் அத்தான். அவர் அதைப் படித்துவிட்டு போனை மகனிடமே கொடுத்துவிட்டார். அவனிடம் சொல்லவேண்டியது இன்னும் சொல்லப்படவில்லை.

பதினொரு மணிக்குள் இருபத்தாறு பேர் பதில் போட்டிருந்தார்கள். வேலையாட்களைத் திரும்பக் கூப்பிட்டு மூட்டைகளைப் பிரித்தார்கள். மதகுப் பலகையின் சந்துகளில் களிமண் அப்பினார்கள். எல்லாம் முடிந்து கை கழுவும்போதுதான் சத்தம் கேட்டது. மேற்கே, கழிக்கு அப்பால், ஒரு டீசல் இன்ஜின். தண்ணீர் இழுக்கும்போது மட்டும் வரும் கனத்த சத்தம். யாருடையது என்று அவருக்குத் தெரியும். பதில் போடாத ஐந்து பேரில் ஒருவருடையது. சென்ற பருவம் முழுக்க நஷ்டப்பட்டு, மூன்று நாள் முன்புதான் குஞ்சு விட்டவர்.

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகனிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு கரையில் மேற்கே நடக்க ஆரம்பித்தார்.